லிட்டருக்கு ஒன்பது

ஹீட்டரை அணைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று தெம்பெரல் கண்டுபிடித்த அன்று காலை, உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. வண்டிக்குள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் மூச்சு விட்டார்கள். அதைத் தடுக்க அவர் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை.

விட்ட மூச்செல்லாம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் போய் ஒட்டி உறைந்தது. தெம்பெரல் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் நூலக அட்டையை வைத்துச் சுரண்டி, கண்ணாடியில் சின்னக் கிண்ணத்தின் வாயளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். அந்த ஓட்டை வழியாகக் குடியிருப்பின் வாசல் கேட் தெளிவாகத் தெரிந்தது. கேட்டுக்குப் பக்கத்திலிருந்த காவல் குடிசை தெரியவில்லை.

வண்டிக்குப் பெரிய சேதமில்லை. குடிசையின் கதவு மட்டும் கீலைவிட்டு வந்து பனியில் படுத்துக்கொண்டது. காவல்காரர் கால்சன் உப்புத் தேநீர்க் கிண்ணத்தோடு வெளியே வந்தார். கதவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"தட்டியிருந்தாலே திறந்திருப்பேனே வாத்தியாரே" என்றார்.

பின்சீட்டில் மாமனார் சோட்னோம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததுதான் தெம்பெரலுக்கு அக்டோபரிலிருந்து நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

தெம்பெரல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போன கோடையில், முப்பது வருஷம் ஓட்டிய ரஷ்ய ஜீப்பை மாமனார் விற்றதும், அந்தக் காசையும் போட்டு இந்த ஹைப்ரிட் வண்டியை வாங்கியதும் மாப்பிள்ளையின் பேச்சை நம்பித்தான். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, கோடு கிழித்து, "மாமா, லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். இது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தார். கோடை முழுக்க வண்டி அந்த வாக்கைக் காப்பாற்றியது. அக்டோபரில் பதினெட்டு. நவம்பரில் பதினாலு. இப்போது ஜனவரி. ஒன்பது.

இன்னும் ஒரு மாதத்தில் புத்தாண்டுக்கான வெள்ளை மாதப் பெருநாள். சொந்தக்காரர்கள் மொத்தமும் மாமனாரைப் பார்க்க வந்து உட்கார்ந்து பூஸ் கொழுக்கட்டையைக் கடிக்கும்போது, மச்சான் புரெவ் கட்டாயம் கேட்பான்: "அப்பாவோட ஜீப்பை வித்து வாங்கின வண்டி எவ்வளவு குடுக்குது?" அந்தச் சபையில் மாமனார் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

முதலில் குடிசைக் கதவைக் கவனித்தார். சனிக்கிழமை முழுக்கச் சுத்தியலும் கையுமாக நின்று தானே பொருத்தினார். அதற்குப் பிறகு கதவு அழகாகத் திறந்தது. மூடத்தான் மாட்டேன் என்றது.

"பரவால்ல, காத்தோட்டமா இருக்கு" என்றார் கால்சன், மேலங்கியின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டே.

அடுத்தது எஞ்சின். ஊரே எஞ்சின் மேல் கம்பளிப் போர்வை போடுகிறது. தெம்பெரல் மூன்று போட்டார். பானெட் மூடவில்லை. கயிற்றால் கட்டினார். எண் ஒன்பதிலேயே நின்றது.

அடுத்தது பாட்டரி. அது பின்சீட்டுக்கு அடியில் பாவம் குளிரில் விறைத்துக் கிடக்கிறது, அதனால்தான் ஒத்துழைக்க மறுக்கிறது என்று முடிவு செய்தார். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜல்லடை ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போவதைக் கண்டுபிடித்து, மாமனாரின் பழைய பஞ்சு வைத்த அங்கியைச் சுருட்டி அதில் அடைத்தார். பாட்டரி மூச்சு விடுவதற்கென்றே வைத்த ஓட்டை அது. ஐந்தாம் நாள், பாலத்தின் நட்டநடுவில், சாயங்கால நெரிசலில், முன்பலகையில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி நின்றது.

கயிற்றோடு வந்தது மச்சான் புரெவ். அவனுடைய ஜீப் முன்னால் போக, ஹைப்ரிட் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி போயிற்று.

"மச்சான்!" என்று ஜன்னலை இறக்கிக் கத்தினான். "இப்ப லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

"பேசாம ஓட்டுடா."

"ஒரு சொட்டுகூடக் குடிக்காம ஓடுது மச்சான்! பேசாம இப்படியே வெச்சுக்குங்க!"

மெக்கானிக் அங்கியை உருவி எடுத்து மேசைமேல் போட்டான். தெம்பெரல் நோட்டுப் புத்தகத்தை விரித்து எண்களைக் காட்டினார்.

"இங்க பாருங்க சார்" என்றான் அவன். "கோடைல சிக்னல்ல நின்னா எஞ்சின் தூங்கிடும், பாட்டரி பாத்துக்கும். அதான் உங்க இருபத்திரண்டு. குளிர் வந்தா பாட்டரி மந்தமாயிடும். குடுக்கவும் மனசு வராது, வாங்கவும் மனசு வராது. எண்ணெய் கெட்டியாயிடும். டயர்ல காத்து இறங்கிடும். இதுக்கு மேல உங்களுக்கும் சூடு வேணும். அந்தச் சூடு எங்கேருந்து வருது?"

"ஹீட்டர்லேருந்து."

"ஹீட்டருக்கு?"

தெம்பெரல் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினார்.

"எஞ்சின்லேருந்து சார். நீங்க பட்டனைத் தட்டினா, தூங்க வேண்டிய எஞ்சின் எழுந்து உங்களுக்காக அடுப்பு எரிக்குது. பதினாலு வந்தா நல்ல வண்டி. இந்தக் குளிருக்கு அதுவே பெரிசு."

"எனக்கு ஒன்பதுதானே வருது?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "அப்ப, நகராம நின்ன இடத்துலயே ரொம்ப நேரம் ஓடுது. லிட்டர் போகும், கிலோமீட்டர் வராது."

நின்ன இடம் என்றால் நெரிசல்தானே! தெம்பெரலுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நெரிசலுக்கு முன்னால் கிளம்ப, வீட்டையே ஐந்து மணிக்கு எழுப்பினார். மகள் நோமின் ஒரு பூட்ஸ் தன்னுடையதும் ஒரு பூட்ஸ் அம்மாவுடையதுமாகப் பள்ளிக்குப் போனாள். சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் விடியலில் மைனஸ் முப்பத்தாறு. அந்த வாரம் எட்டரை.

இதையெல்லாம் தெம்பெரல் வீட்டாரிடம் மறைக்கவில்லை. அதுதான் அவருடைய நேர்மை. தினமும் ஏழு மணிக்குச் சாப்பாடானதும் சுவரில் மாட்டிய வரைபடத்தில் அன்றைய புள்ளியை வைப்பார். பிறகு புள்ளியை விளக்குவார். பிறகு நேற்றைய புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் நடுவே நடந்ததை விளக்குவார்.

"அதாவது, குளிர்ந்த காத்து கனமானது. வண்டி அதைத் தள்ளிக்கிட்டுப் போகணும்..."

"மூணாம் மாடில சதுரங்கத்துக்குக் கூப்பிட்டாங்க" என்று மாமனார் எழுவார்.

"அப்பா, நாளைக்குப் பரீட்சை, தோழியோட படிக்கிறேன்" என்று நோமின் எழுவாள்.

மனைவி ஒயங்கா மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். நல்ல மனுஷி. குப்பை கொட்டப் போகும் வரை உட்கார்ந்திருப்பாள்.

இதற்கிடையில் தெம்பெரல் வண்டிக்குள் சில தடயங்களைக் கண்டார். சீட்டுக்கு அடியில் பைன் கொட்டைத் தோல். முன்சீட்டு சாய்வு நாற்காலி மாதிரி மல்லாந்து கிடந்தது. ரேடியோவில் அவர் ஒருநாளும் வைக்காத மல்யுத்த வர்ணனை.

பைன் கொட்டை! கால்சனின் சட்டைப்பை எப்போதும் பைன் கொட்டையால் புடைத்திருக்கும்.

குடிசை வாசலில் போய் நின்றார். கதவு திறந்தே இருந்ததால் தட்ட வேண்டியிருக்கவில்லை.

"கால்சன் அண்ணே, சாயங்காலத்துல என் வண்டிப் பக்கம் யாராச்சும் வர்றாங்களா?"

"வரும்."

"யாரு?"

"நாய்."

"மனுஷங்களைக் கேக்கறேன்."

கால்சன் அடுப்பில் நிலக்கரியைக் கிளறினார். ரொம்ப நேரம் கிளறினார். "குளிர் காத்து மூஞ்சில அடிச்சுக்கிட்டே இருந்தா கண்ணு சரியாத் தெரியறதில்ல வாத்தியாரே."

குத்தல் புரிந்து தெம்பெரல் திரும்பிவிட்டார். ஆனால் சந்தேகம் உறுதியாயிற்று. நேராக ஒரு பதில் சொல்ல இந்த ஊரில் ஆளே இல்லை. மெக்கானிக்கைக் கேட்டால் குளிர், ஒயங்காவைக் கேட்டால் "குளிர்தாங்க, வேற என்ன?", காவல்காரனைக் கேட்டால் நாய்.

வியாழக்கிழமை சாப்பாட்டில் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வண்டியைச் சந்தைக்குக் கொண்டுபோயி வித்துடறேன். மாமாவுக்கு ஜீப்பே வாங்கிக் குடுத்துடறேன். நான் சொன்ன வாக்கு தப்பாப் போச்சு."

"வேண்டாம்!" என்றார்கள் மூவரும். ஒரே நேரத்தில், ஒரே சத்தத்தில்.

"வித்தா எங்க போறது?" என்று நோமின் ஆரம்பித்தாள். ஒயங்கா அவள் தட்டில் இன்னொரு கொழுக்கட்டையை வைத்தாள்.

மாமனார் தொண்டையைச் செருமினார். அக்டோபரிலிருந்து வண்டியைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். "மாப்பிள்ளை, அந்த ஜீப்ல முப்பது வருஷம் என் கால் விறைச்சது. இந்த வண்டி... சூடா இருக்கு. விக்காதீங்க."

தெம்பெரலின் கண் கலங்கிவிட்டது. தன் மானத்தைக் காப்பாற்ற இந்தக் குடும்பம் எப்படி நிற்கிறது! இப்பேர்ப்பட்டவர்களுக்கு அரைகுறையாக விளக்கிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் பள்ளியிலிருந்து கதவகலத்துக்கு ஒரு வரைபடத் தாளும் நாலு வண்ணப் பேனாக்களும் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாளைச் சுவரில் ஒட்டி, முதுகைத் திருப்பிக்கொண்டு ஆரம்பித்தார். நீலம் பாட்டரிக்கு. சிவப்பு ஹீட்டருக்கு. டயருக்குப் பச்சை. எண்ணெய் எப்படிக் கெட்டியாகிறது என்பதை மாட்டுக்கொழுப்பு உறைவதோடு ஒப்பிட்டார். அது நன்றாக வந்தது என்று அவருக்கே பட்டது. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"ஆக, குளிருக்குன்னு எல்லாத்தையும் கழிச்சா பதினாலு வரணும். வர்றது ஒன்பது. மீதி அஞ்சு கிலோமீட்டர் எங்க போகுது? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்று திரும்பினார்.

மூன்று நாற்காலிகள். மூன்று கிண்ணங்களில் ஏடு கட்டிய தேநீர். பூனை மட்டும் இருந்தது. அதுவும் கதவருகே நின்று, திறந்துவிடச் சொல்லிப் பார்த்தது.

சமையலறை ஜன்னல் முழுக்க உறைபனி. கீழே எதுவும் தெரியவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு, மாடிப்படியோரம் இருந்த பனி மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். இன்றைக்கு அந்தக் கால்சனை ஒரு வழி பண்ணிவிடுவது.

குடிசையில் கால்சன் இல்லை. ஆனால் முற்றத்துக் கோடியில் வண்டியின் பின்குழாயிலிருந்து வெள்ளைப் புகை கம்பம் நட்ட மாதிரி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளெல்லாம் வேர்த்து, உள்ளே நிழல்கள் ஆடின. சிரிப்புச் சத்தம் வேறு. சிரிக்கிற திருடர்கள்!

மண்வெட்டிக் காம்பால் கண்ணாடியைத் தட்டினார். முன்கதவு திறந்தது. கன்னம் சிவந்து, பைன் கொட்டையை மென்றுகொண்டு, இறங்கியது கால்சன்.

"பிடிச்சேன்!" என்றார் தெம்பெரல். "நீங்கதானா அண்ணே!"

"மூடாத கதவுக்குப் பின்னால எத்தனை நாள்தான் உக்கார்றது?" என்றார் கால்சன். "இவங்கதான் பாவம்னு கூப்பிட்டாங்க."

"இவங்களா? எவங்க?"

பின்ஜன்னல் நாலு விரல் இறங்கியது. முதலில் மாமனாரின் நரித்தோல் தொப்பி தெரிந்தது. பக்கத்தில் போர்வைக்குள் நோமின், மடியில் திறந்த பாடப்புத்தகம். அவளுக்கு அந்தப்பக்கம் ஒயங்கா. அவள் காலடியில் குப்பைப் பை, கட்டின முடிச்சு அவிழாமல். மல்யுத்தக்காரர் யாரோ விழுந்த மாதிரி ரேடியோ ஆரவாரித்தது. ஒயங்கா கையை நீட்டி அதை அணைத்தாள்.

தெம்பெரல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒயங்கா பனியைப் பார்த்தாள். மாமனார் மூக்குப்பொடிச் சிமிழைத் திறந்தார், மூடினார்.

"ஏறுங்க மாப்பிள்ளை" என்றார் கடைசியில். "கதவைத் திறந்து வெச்சா சூடு போயிடும்."

தெம்பெரல் ஏறவில்லை. மண்வெட்டியைப் பனியில் ஊன்றிக்கொண்டு கால்சனிடம் திரும்பினார். குரல் கெஞ்சியது.

"நீங்களாச்சும் நேராச் சொல்லுங்க அண்ணே. என் வண்டி ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்குது?"

கால்சன் நாலாம் மாடியில் தெம்பெரல் வீட்டில் வெளிச்சம் எரியும் ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வாயிலிருந்த தோலைத் துப்பினார்.

"மேல நீங்க அதை விளக்கி முடிக்கிற வரைக்கும், கீழ நாங்க எஞ்சினை நிறுத்த முடியறதில்ல வாத்தியாரே."