சமையலறைப் பள்ளிக்கூடம்

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காப்பி ஆறுவதற்குள், டெல்பர்ட் க்ரம்ரைன் தன் மாபெரும் முடிவை அறிவித்தான். மகள் மார்னி இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டாள். வீட்டிலேயே படிப்பாள்.

மனைவி நோரீன் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து மனதுக்குள் ஒத்திகையும் பார்த்திருந்தான். பள்ளியில் கணக்கு சரியில்லை, மதியச் சாப்பாடு சரியில்லை, பஸ்ஸில் பெரிய பையன்கள் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தான். உண்மையான காரணம் அந்த அடுக்கில் இல்லை. பிப்ரவரியில், பனி உறைந்து கிடந்த ஒரு காலையில், அவர்களுடைய மூத்தவன் வெஸ்லி பள்ளிக்கு வண்டி ஓட்டிப் போனான். பதினேழு வயது. ஓடைப் பாலத்துத் திருப்பத்தில் வண்டி சறுக்கியது. அவன் வீடு திரும்பவில்லை. பள்ளி பஸ் தினமும் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் போகிறது.

அன்றிலிருந்து டெல்பர்ட் மரம் அறுக்கும் மில் வேலைக்குப் போகவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். தாடி மட்டும் வேலை செய்தது.

நோரீன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "சரி" என்றாள்.

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் எதிர்க்கேள்வி இல்லாமல் சம்மதம் சொன்னது கல்யாணத்தன்று பாதிரியாரிடம் மட்டும்தான். டெல்பர்ட்டுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்துவிட்ட தெம்பில் இன்னொரு ரொட்டி கேட்டான்.

"ஆனா டெல், நம்ம பென்சில்வேனியாவுல பிள்ளையைச் சும்மா வீட்டுல வச்சுக்க முடியாது" என்றாள் அவள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள்; வலிக்கப் போகும் செய்தியை மெல்லச் சொல்லிப் பழக்கம். "முதல்ல அஃபிடவிட் கொடுக்கணும்."

"அதை அப்படியே விட்டுட முடியாதா?"

"முடியாது. நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டுக் கல்வி அதிகாரிக்கு அனுப்பணும். வருஷத்துக்கு நூத்தியெண்பது நாள் பாடம் நடக்கணும். வருஷக் கடைசில ஒரு டீச்சர் பிள்ளைகிட்டப் பேசிப் பார்த்து, படிச்சிருக்கான்னு எழுதிக் கொடுக்கணும்."

டெல்பர்ட் ஓக்லஹோமாவில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டான். அங்கே வீட்டில் படிக்க வைப்பவர்கள் யாரிடமும் சொல்லக்கூட வேண்டாமாம். வீட்டை விற்றுவிட்டு ஓக்லஹோமா போய்விடலாம் என்றான்.

"அங்க சூறாவளி வரும். வீட்டுல படிக்கிற பிள்ளைக்கு வீடு வேணாமா?" என்றாள் நோரீன்.

கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் அரசுப் பள்ளி ஒன்று உண்டு, அதில் பாடமும் பரீட்சையும் அவர்கள் வைப்பதுதான் என்றாள். அவன் வேண்டாம் என்றான். சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவரைத் தனியாக அமர்த்தவும் சட்டம் இடம் தருகிறது என்றாள். வெளி ஆள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றான்.

"அப்ப நாமளேதான். சொல்லித் தர்றவங்க ஹைஸ்கூல் முடிச்சிருக்கணும், அவ்வளவுதான். நீ முடிச்சிருக்க."

"நானா?" அவன் மனதில் எழுதியிருந்த வாத்தியார் நோரீன்தான்.

"பகல்ல வீட்டுல இருக்கறது யாரு?"

செப்டம்பரில் சமையலறைப் பள்ளிக்கூடம் தொடங்கியது. பத்து வயது மார்னி எட்டரை மணிக்குத் தலை வாரி, எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் நேற்றைய சட்டையில் இருந்தார். அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, டீச்சர்கள் தினம் சட்டை மாற்றுவார்கள் என்று மட்டும் சொன்னாள். டெல்பர்ட் எழுந்து போய் மாற்றினான். அடுத்த வாரம் தாடியும் போயிற்று.

மார்னி சட்டத்தில் கெட்டி. தீயிலிருந்து தற்காத்துக்கொள்வதும் கட்டாயப் பாடம் என்றாள். அன்று மதியம் அவன் சுட்ட பேன்கேக் கருகி, புகை அலாரம் வீடே அதிர அலறி, இருவரும் வெளியே ஓடினார்கள். பாடம் முடிந்தது என்று அவள் கணக்கு வைத்துக்கொண்டாள். இப்படியே அவன் சமைத்தான், அவளோடு சாப்பிட்டான். உடற்பயிற்சி என்று சொல்லி ஓடைக்கரை வரை நடந்தான். பின்னக் கணக்கு மறந்து போயிருந்தது, அவளிடமே கற்றுக்கொண்டான்.

நவம்பரில் அவள் சங்கீதத்துக்கு வந்தாள்.

"எனக்குச் சங்கீதம் தெரியாதும்மா."

"சட்டத்துல இருக்குப்பா. வெஸ் அண்ணனோட ட்ரம்பெட் இருக்கே."

பிப்ரவரியிலிருந்து வெஸ்லியின் அறைக் கதவை டெல்பர்ட் தொட்டதில்லை. மார்னி அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தாள். படுக்கைமேல் ஒரு ஒற்றைக் காலுறை கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போய் ட்ரம்பெட்டை எடுத்து, கன்னம் உப்ப ஊதினாள். கன்றைத் தொலைத்த பசு கத்துவதுபோல் ஒரு சத்தம். அடுத்த பண்ணை மாடுகள் நிஜமாகவே பதில் கொடுத்தன. டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே படுக்கையில் உட்கார்ந்தான். எந்த இடத்தில் சிரிப்பு அழுகையானது என்று அவனுக்கே தெரியவில்லை. மார்னி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அழவில்லை. சின்னப் பிள்ளை, அவளுக்கு அவ்வளவாகப் புரியவில்லை போலும் என்று நினைத்தான்.

பனி கரைந்ததும் பூகோளப் பாடம். ஊரின் வரைபடம் போட வேண்டும், சாலைகளை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். ஓடைப் பாலம் வந்ததும் அவன் வண்டியை நிறுத்திவிட்டான். பிறகு அவள், "மெதுவாப் போப்பா, நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். அவன் அந்தத் திருப்பத்தைத் தாண்டினான்.

ஜூனில் மதிப்பீடு செய்ய மிசஸ் ஹாஃபர் என்ற டீச்சர் வந்தார். டெல்பர்ட் டை கட்டியிருந்தான்; நோரீனும் வீட்டில் இருந்தாள். மார்னி எழுதியதையும் வரைந்ததையும் பார்த்து, அவளிடம் கேள்விகள் கேட்டு, பிரமாதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அவனைப் பாராட்டினார். அடுத்த வருஷத்துக்கு ரோமானியர்களிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று திட்டம் வைத்திருப்பதாக டெல்பர்ட் பெருமையோடு விவரித்தான்.

"நீ என்னம்மா சொல்ற, அடுத்த வருஷமும் அப்பாகிட்டத்தானா?" என்று மார்னியைக் கேட்டார் மிசஸ் ஹாஃபர்.

மார்னி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம், "இல்ல. ஒரு வருஷம்தான்னு அம்மா சொன்னாங்க" என்றாள். "அப்பா இப்ப நல்லா சாப்பிடறாரு. பாலத்து மேலயும் ஓட்டறாரு. நான் போகலாம். என் சிநேகிதிங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க."

சொல்லி முடித்ததும் அவள் உதடு கோணியது. ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கேயோ வைத்திருந்த அழுகை மொத்தமும் வந்தது. அண்ணனுக்கான அழுகை. மிசஸ் ஹாஃபர் எழுந்து வெளியே போய் நின்றார். டெல்பர்ட் மகளை மடியில் வைத்துக்கொண்டான். டை நனைந்தது. இந்தப் பெண் இத்தனை நாள் யாருக்கு இடம் விட்டு அழாமல் இருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

சாயங்காலம் நோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மில்லில் அவள் ஏற்கெனவே பேசிவிட்டாளாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். டெல்பர்ட் துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நோரீன்."

அவள் தட்டை அவனிடம் நீட்டினாள்.

"சொல்லியிருந்தா நீ படிக்க உக்காந்திருப்பியா?"