மூன்றாம் நம்பர் பேமிலி ரூம்

என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டே சபதம் எடுத்தார். வாயில் நுரையோடு எடுத்த சபதம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடியும் எடுத்தார்.

"டோரதி! இனிமே ஞாயித்துக்கிழமைன்னா நம்ம வீட்டு அடுப்பு எரியாது. ஓட்டல்தான்! நீ, நான், பாப்பா, மூணு பேரும்!"

நான் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

பாப்பா என்றால் ரோசரி. பதினோரு மாதம். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். போன சித்திரையில் எங்கள் பாலக்கரைத் தெருவில் மூன்று குழந்தைகளுக்கு வாந்திபேதி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றும் பிழைத்து வந்தன. நான்தான் அன்றிலிருந்து பிழைக்கவில்லை. குடிதண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன். பால் புட்டியைக் கொதிக்க வைக்கிறேன். கிலுகிலுப்பையைக் கொதிக்க வைத்ததில் அது ஊமையாகிவிட்டது. கான்வென்டில் எங்களுக்குச் சுகாதாரப் பாடம் எடுத்த சிஸ்டர், ஒரு பிரியதத்த செபம் முழுதாகச் சொல்லி முடிகிறவரை கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பார். என் வீட்டுக்காரர் சிலுவை போடுகிற நேரத்தில் கழுவிவிடுவார். 'ஆமென்' வருவதற்குள் கை துடைத்தாகிவிடும்.

"பாப்பாவை ஓட்டலுக்கா? என்னங்க பேசறீங்க! அங்க ஈ இருக்கும்."

"நம்ம வீட்லயும்தான் ஈ இருக்கு."

"நம்ம வீட்டு ஈ எங்கெங்க போயிட்டு வருதுன்னு எனக்குத் தெரியும்."

"இதான்! பாக்காமலே பயப்படறே. கல்யாணத்துக்கப்புறம் ஓட்டல் வாசப்படியாவது மிதிச்சிருக்கியா? நாளைக்கு ஸ்ரீரங்கத்துல ஒரு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயே பாரு. மூணு குத்தம் கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டா நான் தோத்தேன்."

"தோத்தா?"

"ஞாயித்துக்கிழமை சமையல் என்னுது. பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடியற வரைக்கும்!"

"நான் தோத்தா?"

"வாராவாரம் ஓட்டல். பாப்பாவுக்கும் அங்கதான் இட்லி. மூச்சு விடக் கூடாது."

எதற்கும் துணியாதவள் இதற்குத் துணிந்தேன். மூன்றே மூன்று குற்றம்தானே? கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் ஒன்றுதான் உறுத்தியது. திருச்சி முழுக்க ஓட்டல். ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் எதற்கு?

அன்று சாயங்காலம் இன்னும் உறுத்தியது. ஆபீஸிலிருந்து வந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு முழ நீல ரிப்பனை எடுத்தார். ரோசரியின் பால் புட்டியைத் தேடிப் பிடித்து, கழுத்தில் சுற்றி, பூப்போல முடிச்சுப் போட்டார். குழந்தை பிறந்த இந்தப் பதினோரு மாதத்தில் அந்தப் புட்டி வீட்டில் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது!

"எதுக்குங்க இது?"

"அழகா இல்ல?"

"அழகுதான்."

"நாளைக்கு இதை மறக்காம எடுத்துக்க. மேசை மேல வச்சா எடுப்பா இருக்கும்."

சொல்லிவிட்டு விசில் அடித்துக்கொண்டே வெளியே போனார். எதையாவது என்னிடம் மறைக்கும்போதுதான் அவர் அப்படி விசில் அடிப்பார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கொல்லைச் சுவருக்கு மேலே நஜ்முன்னிசாவின் முகம் எட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டுக்காரி. என் வயசு. அவளுக்கும் ஒரு வயசில் பையன். அவள் வீட்டுக்காரர் அப்துல் சலாம், தொட்டியத்திலிருந்து வாழையிலை வரவழைத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர்.

"டோரதி, ஒரு வேடிக்கை கேளேன்! எங்க வீட்டுக்காரரு ஸ்ரீரங்கத்துல ஒரு ஓட்டலுக்கு எலை போடப் போனாரா? அங்க மூக்கன்னு ஒரு சர்வர். நாளைக்கு யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி அம்மா அங்க சாப்பிட வராங்களாம். அந்தம்மா கண்ணு முன்னாடியே சோப்பு போட்டுக் கை கழுவணுமாம். டம்ளரை வெந்நீர்ல அலசணுமாம். வெளுத்த சட்டை போட்டுக்கணுமாம். எல்லாம் அந்தம்மா புருஷன் ஏற்பாடு!"

"மூக்கனுக்கு அந்தப் புருஷனைத் தெரியுமா?"

"மூஞ்சியைப் பார்த்ததே இல்லையாம். தன்கூட ஆபீஸ்ல வேலை பாக்கற பெரியண்ணன்னு ஒருத்தர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு. அதனாலதான் அடையாளம் வச்சிருக்காங்க. மூணாம் நம்பர் பேமிலி ரூம். மேசை மேல நீல ரிப்பன் கட்டின பால் புட்டி..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். என் இடுப்பில் ரோசரி. ரோசரியின் கையில் புட்டி. நஜ்முன்னிசா புட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அட அல்லா! அந்தப் பயந்தாங்கொள்ளி நீதானா?"

எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. ஒரு நாள் சுத்தத்தைக் காட்டிவிட்டு ஒரு வருஷத்து அழுக்கை என் குழந்தைக்கு ஊட்டுகிற திட்டமா? நான் பயப்படுவது ஊர் சர்வருக்கெல்லாம் தெரிய வேண்டுமா?

"நஜ்மு, உன்கிட்ட நீல ரிப்பன் இருக்கா?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "இருக்காவது? பெட்டி நிறைய இருக்கு. மாமியையும் கூட்டிட்டுப் போறேன். பேமிலி ரூம்னா என்னன்னு பாக்கணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் புட்டியைக் கொதிக்க வைத்தேன். ரிப்பனோடு. கொதிக்க வைத்து எடுத்தபோது ரிப்பனின் நீலமெல்லாம் தண்ணீரில் இருந்தது. பஸ் காவேரிப் பாலத்தில் ஏறும்போதுதான் அவர் கண் புட்டி மேல் விழுந்தது.

"ரிப்பன் எங்க?"

"சாயம் போயிடுச்சுங்க. கழட்டிப் போட்டுட்டேன்."

"ரிப்பனை யாராவது கொதிக்க வைப்பாங்களா!"

"கிருமிக்கு ரிப்பன்னு தெரியுமா?"

காவேரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஓட்டலுக்குள் நுழைந்ததும் மூன்றாம் நம்பரை நோக்கிப் பாய்ந்தார். சர்வர் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். ஐம்பது வயசு இருக்கும். சட்டையில் மூன்று நாள் சாம்பார்.

"மூணுல பொம்பளைங்க இருக்காங்க சார். நாலுல உக்காருங்க."

நாலில் உட்கார்ந்தோம். இரண்டு ரூமுக்கும் நடுவே பலகைத் தட்டிதான். மேலே திறப்பு. அங்கே பேசினால் இங்கே கேட்கும்.

சர்வர் வந்தார். தோளில் கிடந்த துணியால் மேசையைத் துடைத்தார். அதே துணியால் நெற்றியைத் துடைத்தார். பிறகு மறுபடியும் மேசையை. போனார். ஒரே கையில் நாலு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்தார். நாலு டம்ளருக்குள்ளும் நாலு விரல், ஆளுக்கொரு விரலாகக் குளித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு," என்றேன்.

என் வீட்டுக்காரர் புட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். சர்வரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். சர்வர் அசையவில்லை. இவர் புட்டியை விரலால் தட்டினார். இரண்டு முறை கண் சிமிட்டினார்.

"கண்ணுல தூசியா சார்?"

"இல்லப்பா... இந்தப் புட்டி..."

"புட்டியெல்லாம் இங்க கிடைக்காது சார். மளிகைக் கடையில கேளுங்க."

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் ஒலித்தது. நாடகத்தில் ராஜா வந்ததுபோல!

"அம்மா, பாருங்க! மூக்கன் கை கழுவறான்! இது முதல் சோப்பு... இது ரெண்டாவது சோப்பு... நகத்தைப் பாருங்க, காலையிலதான் வெட்டினேன்!"

"ஏம்ப்பா, உனக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" இது நஜ்முவின் மாமியார் சாரா பீவி. அந்தம்மாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா! எல்லாம் ஐயா உத்தரவு. டம்ளரைத் தொட்டுப் பாருங்க, வெந்நீர்ல அலசினது, சுடுதா? எலையைக் கழுவறேன். திருப்பிப் போட்டும் கழுவறேன்!"

என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. எழுந்து தட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கப் போனார்.

"என்னங்க, பொம்பளைங்க இருக்கற ரூம்!"

உட்கார்ந்துவிட்டார்.

சாம்பார் வந்தது. கூடவே ஓர் ஈயும் வந்தது, நீந்திக்கொண்டு. சர்வரிடம் காட்டினேன். அவர் விரலை விட்டு ஈயை எடுத்துப் போட்டார். "போயிடுச்சும்மா," என்றார், பெரிய உபகாரம் செய்தவரைப்போல.

"ரெண்டு. அந்த விரலையும் சேத்தா மூணு."

"அதெல்லாம் ஒரே கணக்குதான்!" என்று கத்தினார் இவர். "ஒரு ஈ எங்கயும் வரும். தண்ணியைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. இந்தா, பாப்பாவே குடிக்கப் போறா!"

வீம்பில் அந்த டம்ளரை எடுத்து ரோசரியின் உதட்டருகே கொண்டுபோனார்.

அதுவரைக்கும் எனக்கு எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடியில் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. போன சித்திரையில் அந்த மூன்று தாய்மார் ஓடின ஓட்டம்தான் கண் முன்னால் வந்தது. என் கை தானாகப் போய் டம்ளரைத் தட்டிவிட்டது. தண்ணீர் முழுவதும் அவர் மடியில். ரோசரி வீல் என்று கத்தினாள். நான் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவர் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். உருண்டு கிடந்த டம்ளரின் உள்பக்கம் பருக்கை ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. என்றைக்கு ஒட்டியதோ! அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "பாப்பா குடிக்கல இல்ல?" என்றார்.

"குடிக்கல."

"எழுந்திரு. போலாம்."

நனைந்த கால்சட்டையோடு வாசலுக்கு வந்தால், எதிரே ஊர்வலம். வெள்ளை வெளேர் சட்டையில் மூக்கன் முன்னால் போகிறான். பின்னால் சாரா பீவி. அவருக்கும் பின்னால் பையனும் பால் புட்டியுமாக நஜ்முன்னிசா. புட்டியின் கழுத்தில் நீல ரிப்பன் பறக்கிறது.

"அட, அருள்நாதன் அண்ணே! நீங்களும் வந்தீங்களா? என்ன கவனிப்பு, என்ன கவனிப்பு! இப்படி ஒரு ஓட்டலை நான் பார்த்ததே இல்லண்ணே!"

"நிக்காஹ் வீட்லகூட எனக்கு இந்த மரியாதை நடந்ததில்ல தம்பி," என்றார் சாரா பீவி.

என் வீட்டுக்காரர் ரிப்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

பஸ் பாலம் தாண்டியதும், "அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன கொழம்பு வைக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறும் வந்தது. பூசை முடிந்து வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். என்னை உள்ளே விடவில்லை. உள்ளே ஏதோ விழுந்தது. ஏதோ கருகியது. மறுபடியும் விசில் சத்தம் கேட்டது. எனக்கு உடனே பயம் வந்துவிட்டது.

ரோசரிக்கு நானே கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தேன். கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினார். ஒரு வாய் வைத்தேன். அடேயப்பா! நாகப்பட்டினத்துக் கடலில் பாதி என் வாய்க்குள் இருந்தது.

எதிரே உட்கார்ந்து என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இல்லேன்னா தைரியமா சொல்லு டோரதி. எனக்கு வருத்தமே இல்ல. முடியலேன்னா பரவாயில்ல, அடுத்த வாரத்துக்கு வேற ஏதாவது வழி பாப்போம். இங்க பக்கத்துலயே ஒரு நல்ல ஓட்டல்..."

விசிலுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர வர விழுங்கினேன். விழுங்கிவிட்டுச் சிரித்தேன்.

"அருமைங்க! இன்னொரு கரண்டி ஊத்துங்க."

"நிஜமாவா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? இன்னிக்குப் பூசை முடிஞ்சு நீங்க முன்னாடி வந்துட்டீங்களே, அப்ப உங்க ஆபீஸ் சூப்பரின்டெண்டு அற்புதசாமி சார் சம்சாரத்தைப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல அவர்தான் சமையல்னு சொன்னேன். அந்தம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்! பக்கத்துல நின்ன அற்புதசாமி சாரே சொல்லிட்டாரு, அடுத்த ஞாயிறு குடும்பத்தோட நம்ம வீட்லதான் சாப்பாடாம். எட்டுப் பேரு வராங்க."

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. என் இலையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் கழித்துத் திறந்தார்.

"டோரதி, எட்டுப் பேருக்கு நிஜமா எவ்வளவு உப்பு போடணும்?"