தஞ்சாவூர்ப் பந்தியில் அடித்த மணி

சேசு மரி சூசை துணை

விழுப்புரம் ஜங்ஷன்,
1938 ஆகஸ்டு

மகா கனம் பொருந்திய மச்சான் சவுரிராயன் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருசன் தேவசகாயம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அக்காவும் மாதா புண்ணியத்தில் சுகம். அவ்விடம் திண்டிவனத்தில் நீங்களும், உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிற என் மகள் ஜெயமும் சுகமென்று நம்புகிறேன்.

முதலில் என் மானம் போன சங்கதியை நானே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் அக்கா எழுதிடுவா. தஞ்சாவூர் போறதுக்கு முந்தின ஞாயிறு, பூசையில் சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்ற மணி அடிச்சுது. கோயில் பூரா முழங்காலில் நிக்குது. நான் ஒருத்தன் மட்டும் எழுந்து, துண்டைக் கொடி மாதிரி பிடிச்சிக்கினு வாசல் வரைக்கும் ஓடிட்டேன். மணி அடிச்சதும் ஓடித் தண்டவாளம் மாத்திவிடுற பாயிண்ட்ஸ்மேன் வேலையில் இத்தனை வருசம் ஊறின கால் மச்சான் இது. மணி அடிச்சா வண்டி வருதுன்னுதான் அதுக்குத் தெரியும், ஆண்டவர் வர்றார்னு யாரும் சொல்லித் தரலை. இதே காலைத்தான் தஞ்சாவூருக்கும் கூட்டிக்கினு போனேன்.

ரயில்வேயில் கண் பரீட்சைக்குத் தஞ்சாவூர் போகச் சொன்ன அன்னிக்கு, ஜெயத்தை வச்சிக்கினே நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? "மச்சான் ராஜா ஊருக்கே போனாலும் ஓட்டல் கொல்லைப்பக்கம் சன்னல்ல கை நீட்டித்தான் வாங்கித் தின்னுட்டு வருவாரு." சொல்லிட்டு நீங்களே சிரிச்சீங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். ஜெயம் சிரிக்கலை. அந்தப் புள்ளை என் மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்துது. அப்பவே முடிவு பண்ணிட்டேன், உள்ளே உக்காந்து, இலை போட்டு, மோர் வரைக்கும் சாப்பிடாம திரும்புறதில்லைன்னு.

கண் பரீட்சை பாஸ். சிவப்பைச் சிவப்புன்னு சொன்னேன், பச்சையைப் பச்சைன்னு சொன்னேன், கம்பவுண்டரைத் துரைன்னு சொன்னேன். அப்புறம் ஊர் சுத்தினேன். பெரிய கோயிலை நம்மளை மாதிரி ஆளுங்க வாசலுக்கு வெளியே நின்னுதான் பார்க்க முடிஞ்சுது. நந்தியோட பின்பக்கம்தான் தெரிஞ்சுது. அம்மாம் பெரிய உருவம், ஜம்முனு உக்காந்திருக்கு, எழுந்திருன்னு அதை ஒருத்தரும் சொல்லலை. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அரண்மனைப் பக்கம் மணிக்கூண்டு ஒண்ணு அடிச்சுது, நான் ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டியை மறிச்சிட்டேன். வண்டிக்காரன் சொன்னதைத் தாளில் எழுத முடியாது.

பசி வந்துது. நீலக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் எல்லாத்தையும் மாட்டிக்கினு, ஒரு பெரிய ஓட்டலில் நேரா உள் பந்தியில் போய் உக்காந்தேன். பரிமாறுறவர் எந்த ஆளுன்னு கேட்டார். ரயில்வே ஆளுன்னேன். கோட்டைப் பார்த்தார், இலை போட்டார். சோறு விழுந்துது, சாம்பார் விழுந்துது, முதல் கவளத்தைப் பிசைஞ்சு வாய்கிட்ட கொண்டு போறேன், கல்லாவில் முதலாளி சாமி படத்துக்கு மணி அடிச்சார். எழுந்துட்டேன் மச்சான். கவளத்தோட கையைத் தூக்கிக்கினு வாசல் பக்கம் ரெண்டு எட்டும் வச்சிட்டேன். திரும்பிப் பார்த்தா இலை இல்லை. பந்தியில் எழுந்தா சாப்பாடு முடிஞ்சுதுன்னு அர்த்தமாம், பரிமாறுறவர் மடிச்சு எடுத்துட்டார். அடுத்த ஆளு வேற நிக்கிறார். நான் வெறும் தரையிலேயே திரும்ப உக்காந்துட்டேன். முதலாளி வந்து, எழுந்தவர் எழுந்தவர்தான், கெளம்புங்கன்னார். அப்ப நான் சொன்னேன், இதை ஜெயத்துக்கு உரக்கப் படிச்சுக் காட்டுங்க:

"எழுந்தது ரயில்வேங்க. சாப்பிட வந்தது கோலியனூர் தேவசகாயம். அவன் இன்னும் உக்காந்துதான் இருக்கான்."

பேரையும் ஊரையும் சொன்னதும் நான் எந்தச் சாதின்னு பந்திக்கே புரிஞ்சு போச்சு. ரெண்டு பேர் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கினாங்க. கொல்லைப்பக்கம் வாங்க, வயிறு நிறையப் போடறோம்னார் முதலாளி. எழுந்த எடத்துலதான் சாப்பிடுவேன்னேன். அந்த மனுசன் நேரா கல்லாவுக்குப் போனார், என் காலையே பார்த்துக்கினு திரும்ப மணி அடிச்சார். பூசைக்கு இல்லை, எனக்கு. கால் ரெண்டும் கெடந்து துடிக்குது. முட்டியை ரெண்டு கையாலும் அமுக்கிக்கினு நந்தியை நெனைச்சேன். அவர் அடிக்கிறார், அடிக்கிறார், நான் அசையலை. விழுப்புரத்துல டூட்டியில இருக்கிறப்ப இப்படி அசையாம உக்காந்திருந்தா போட் மெயிலும் கூட்ஸும் மோதி ஒண்ணாயிருக்கும். கடைசியில் அவருக்கே கை வலிச்சுது. போட்டுத் தொலைப்பான்னார். இலை வந்துது. ரசம், வாழைக்காய் வறுவல், மோர், எல்லாம் சாப்பிட்டேன். சாம்பார் அமிர்தம் மச்சான். நானாத்தான் எழுந்தேன்.

ஆகவே இனிமேல் சன்னல் பேச்சு என் வீட்டுப் பொண்ணு முன்னால வேணாம். தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் மாதா சகல ஆசீர்வாதமும் தந்து, நாக்கையும் கொஞ்சம் காக்க வேண்டிக்கொள்ளும்,

தேவசகாயம்

பி.கு.: இதை மட்டும் ஜெயத்துக்குப் படிக்க வேணாம். சாம்பார் அமிர்தம்னு எழுதினது பொய். அதில் உப்பே இல்லை, வாயில் வைக்க முடியலை. கொஞ்சம் உப்பு போடுங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. கேட்டிருந்தா, சோத்துக்காகத்தான் அங்க உக்காந்தேன்னு அவங்க நெனைச்சிருப்பாங்க. கேட்கலை.