மகெலாங் திடலில் மைக் செத்த கதை

பாலிக்பாப்பானில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் குஸ்னாடி அவர்களுக்கு, மகெலாங்கிலிருந்து மாப்பிள்ளை சுகெமி ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கருணையில் நானும் உங்கள் தங்கை ருமியாத்தியும் சுகம். டிவியில் எங்கள் ஊர்த் திடலைப் பார்த்துவிட்டு, "உசிரோட இருக்கியா?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறேன். எப்படி என்பதுதான் எனக்கே விளங்கவில்லை.

வடக்கே குளிர்தேசத்தில் எவனோ ஒருவன் நம் வேதத்தைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது உங்களுக்கும் தெரியும். அதைக் கண்டித்து ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூட்டம் என்று முடிவாகி, மைக் செட் போட என்னைக் கூப்பிட்டார்கள். மறுப்பேனா? எனக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கிளம்பும்போதே வண்டி பஞ்சர், அதை ஒட்டிக்கொண்டு போனால் திடல் கொள்ளாத ஜனம், ஜனத்தைக் கடந்து பெட்டிகளை இறக்கினால் இரண்டு பெட்டியின் முதுகில் எதிரேயிருக்கும் தேவாலயத்தார் போன டிசம்பரில் வாடகைக்கு எடுத்தபோது ஒட்டிய 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்' உரியாமல் நிற்கிறது, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரை ஓடவிட்டு சுவிட்சைப் போட்டால், முந்தின நாள் கல்யாணத்து பென் டிரைவ் உள்ளேயே இருந்து, மாப்பிள்ளையைக் கட்டிக்கச் சொல்லும் டாங்டுட் குத்துப்பாட்டு ஊர் அதிரக் கிளம்பியது பாருங்கள், மச்சான், மொத்தத் திடலும் என்னைத்தான் பார்த்தது.

"யாருடா அவன்?" என்று ஒருவர் கையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம சுகெமிங்க. ஆளு நல்லவன், மூளைதான் கொஞ்சம் லேட்டா வரும்" என்று பக்கத்து வீட்டு பர்மான் என்னைக் காப்பாற்றினான்.

ஹாஜி பஹ்ரூன் பேச ஆரம்பித்தார். முதலில் நன்றாகத்தான் பேசினார், எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். பிறகு குரல் ஏறியது. "கொளுத்தினவன் தூரத்துல இருக்கான். அவன் சொந்தக்காரங்க இதோ எதிர்லயே மணியடிச்சுக்கிட்டு இருக்காங்க!" என்று தேவாலயத்தைப் பார்த்து விரலை நீட்டினார். அங்கே வாசலில் தேவாலயத்துக் காவல்காரர் சர்பின் ஒருவர்தான் தனியாக நின்றார். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதே இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர்தான். ஆனாலும் கூட்டம் அந்தப் பக்கம் ஒரே உடம்பாகத் திரும்பியது. "வாங்க!" என்றார் ஹாஜி.

மைக் செத்தது.

அவர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. "சுகெமி! என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று மேடையிலிருந்து குனிந்து கத்துகிறார். "பாக்குறேன் ஹாஜி, பாக்குறேன்!" என்று நான் கைக்குக் கிடைத்த ஒயரையெல்லாம் திருகுகிறேன். இன்றைக்கு நம் தோல் நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மெல்ல, வேதத்தின் யாசீன் அத்தியாயத்தை ஓதத் தொடங்கியது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. பத்துப் பேர் சேர்ந்தார்கள், பிறகு நூறு, பிறகு திடலே ஓதியது. யார் கையிலும் புத்தகம் இல்லை. மச்சான், இருபது வருஷமாக ஊருக்குச் சத்தம் வாடகைக்கு விடுகிறவன் நான். அப்படி ஒரு சத்தத்தை என் பெட்டிகள் ஒருநாளும் போட்டதில்லை. காலடி மண் நடுங்கியது. கையில் ஒயரோடு நானும் ஓதிக்கொண்டு நின்றேன். இத்தனை நெஞ்சில் இருப்பதை அந்த ஆள் எப்படிக் கொளுத்துவான் என்று நினைத்தபோது பாவம் என்றுகூடத் தோன்றியது. ஓதி முடித்தபோது ஹாஜி கன்னமும் ஈரம். கூட்டம் தானாகக் கலைந்தது. சர்பின் தண்ணீர்க் கேனைத் தூக்கிவந்து, "வெயில்ல நின்னுட்டீங்க, குடிச்சிட்டுப் போங்கப்பா" என்றார். குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

மைக்கை நிறுத்தியது வானத்து வேலை என்றே ஊர் முழுக்கப் பேச்சு. ஹாஜியும் அதையே சொல்கிறார். எனக்கு இன்னும் சிலிர்ப்பு அடங்கவில்லை.

அக்காவுக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு எங்கள் துஆ எப்போதும் உண்டு. உங்கள் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

அன்புள்ள மாப்பிள்ளை,
சுகெமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "வானத்து வேலையா? ஒங்களுக்குச் சோறு கொண்டாந்தவ ஜெனரேட்டர் பக்கமாத்தான் வந்தேன். அந்தாளு 'வாங்க'ன்னாரு. நான் ஒயரைப் புடுங்கிட்டேன்" என்கிறாள். வெளியே மூச்சு விடக் கூடாதாம். இப்போதெல்லாம் அவள் கூப்பிட்டால் நான் எழுந்து நின்றுதான் பதில் சொல்கிறேன், மச்சான்.