ஜீப்பு மாறிய வகுப்பு

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதில் ஒரு வசதி உண்டு. முட்டாள்தனம் வெளியே தெரியாது. ஒரே ஒரு நாள் நன்றாகத் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து நான் பேசினேன்.

போடியில் ஜீப்பு ஓட்டுகிறேன். விடிகாலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் போடிமெட்டுக்கு ஏறுவேன். சாயங்காலம் இறக்கிவிடுவேன். கல்லூரியில் ஒரு வருடம் படித்தேன். அப்பாவுக்கு இடுப்பு போனது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

அந்த ஒரு வருடம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ராசாமணி. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கெங்கோ விசாரித்து என் நம்பரைப் பிடித்து, வகுப்பு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டான். காலையில் எழுந்தால் பூ, வணக்கம். அதற்குப் பிறகு செய்தி. ஒருவருக்கு முட்டி மாற்றியாகிவிட்டது. ஒருவர் மகள் கனடாவில் வீடு வாங்கியாகிவிட்டது. விஜயா என்று ஒரு தலைமையாசிரியை. அவருக்குக் கண்புரை எடுத்தார்களாம். இப்போதுதான் மருமகள் வீடு கூட்டுகிற லட்சணம் தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

என்னிடமும் கேட்பார்கள். 'நலம்' என்று போடுவேன். அடுத்த மாதமும் கேட்பார்கள். அதே நலம். (புதிதாக அடிப்பதில்லை. பழையதையே எடுத்து மறுபடி அனுப்புவேன்.)

ஒருநாள் யாரோ கேட்டார், "யார் இந்தப் பாண்டி? கடைசி வருஷ போட்டோவில் ஆளையே காணோமே." ராசாமணி மட்டும், "நம்ம செட்டுதான்" என்று எழுதினான். கேட்டவர் கேட்டதில் தப்பில்லை. குழுவை விட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எப்படிப் போவது என்று தெரியவில்லை. மகனிடம் கேட்கக் கூச்சம்.

அந்தச் சமயத்தில்தான் எல்லோரும் போடிக்கு வருவதாக முடிவானது. மெட்டில் சூரிய உதயம், அங்கேயே ஒரு வீட்டில் காலைச் சாப்பாடு, பழைய பேச்சு. வண்டி என் பொறுப்பு. ராசாமணி என்னைப் பற்றி "டிராவல்ஸ் வச்சிருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தான். (இருப்பது ஒரு ஜீப்பு. அதிலும் ஒரு கதவைக் கயிறு கட்டித்தான் மூட வேண்டும்.)

நான் ஒரு முடிவு செய்தேன். நேரில் சொல்லிவிடுவது. நான் ஒரு வருடம்தான் படித்தேன், உங்களுக்குச் சம்மதம் என்றால் குழுவில் இருக்கிறேன், இல்லையென்றால் போய்விடுகிறேன். நாலைந்து வாக்கியம். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மனைவி கதவைத் தட்டி, "உள்ள யாரு கூட பேசுறீக?" என்றாள்.

அவர்கள் முந்தின நாள் ரயிலில் வந்து லாட்ஜில் தங்கினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. லோடு இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன். குழுவில் செய்தி மட்டும் போட்டேன். 'விடிகாலை. டீக்கடைப் பக்கம் ஜீப்பு. ஏறிக்கவும்.'

அந்த டீக்கடைப் பக்கம் விடிகாலையில் நிற்பது முழுக்க ஜீப்புதான். இது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தினமும் பார்க்கிறேன். அதனாலேயே தோன்றவில்லை.

அன்று என் வண்டிக்கு அடுத்து முருகேசன் வண்டி. அவனுக்கு வழக்கமாக வரும் ஆட்கள் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டதால், வேறு ஊரிலிருந்து புது ஆட்கள் வருவதாக ஏற்பாடு. அவனுக்கு அவர்களைத் தெரியாது. எனக்கு என் வகுப்பைத் தெரியாது. குழுவில் ஒருவர் முகமும் கிடையாது. ஒருவருக்குப் பேரன் படம், ஒருவருக்கு முருகன் படம். விஜயாவுக்குச் செம்பருத்தி.

டீ குடித்துவிட்டு வந்தேன். பின்னால் ஆள் நிறைந்திருந்தது. இருட்டு. எல்லோர் தலையிலும் துண்டு, சால்வை.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றேன்.

"வந்தாச்சுண்ணே" என்றது ஒரு பெண் குரல்.

அண்ணே என்கிறார்களே என்று நினைத்தேன். நாற்பது வருடம் பார்க்காத ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு மரியாதை. சரிதான். ஆளுக்கொரு தூக்குவாளி வைத்திருந்தார்கள். மேலே சாப்பாடு என்று சொல்லியும் கேட்கவில்லை. சர்க்கரை வியாதி, பத்தியம். அதுவும் சரிதான். கம்பியைப் பிடித்திருந்த ஒருவர் கை, முன்னால் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நல்ல காய்த்துப்போன கை. ரிட்டயர் ஆன பிறகு தோட்டம் போட்டிருப்பார் என்று முடிவு செய்தேன். இரண்டாவது வளைவிலேயே ஒரு அம்மா குறட்டை விட்டார். பொருளாதார வகுப்பிலும் ஒரு பெண் இப்படித்தான் தூங்கும். யாரும் மாறவில்லை என்று எனக்குள் சந்தோஷம்.

மெட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினேன். வெளிச்சத்தில் முகம் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. இருட்டிலேயே முடித்துவிட வேண்டும். கண்ணாடியைப் பார்த்தபடி, திரும்பாமல், சொன்னேன்.

"நான் ஒரு வருசம்தான் படிச்சேன். பாதியில வண்டிக்கு வந்துட்டேன். டிராவல்ஸெல்லாம் இல்ல. இந்த ஒரு ஜீப்புதான். உங்களோட என்னையும் ஒரு ஆளா சேத்துக்கிட்டீக. அது பெரிய விசயம். நான் இருக்கலாம்னா இருக்கேன். வேணாம்னா போயிர்றேன்."

முதலில் பேசிய அதே பெண் சொன்னார்.

"அதனால என்னண்ணே. நாங்க அதுவும் படிக்கலையே."

தலைமையாசிரியை இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க போயிட்டா வண்டிய யாரு ஓட்டுறது?" என்றார் காய்த்த கைக்காரர். "இருங்கண்ணே. வெரசா எடுங்க, சோலிக்கு நேரமாச்சு."

சோலி என்றதும் இடித்தது. உதயம் பார்க்க வந்தவர்களுக்கு என்ன வேலை? அதற்குள் கிழக்கே லேசாக வெளுத்துவிட்டது. முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். நான் வகுப்பில் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. பாதிப் பேருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். அண்ணே என்றவர் கையில் காய் பறிக்கிற கூடை.

"ஆத்தா, நீங்க யாரு?"

"பேச்சியம்மா. முருகேசன் வண்டிதான இது?"

சூரியன் வந்தது. ஊரே பார்க்க வரும் அந்த உதயத்தை நான் மட்டும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தேன்.

இவர்கள் இங்கே என்றால் என் வகுப்பு முருகேசன் வண்டியில். அவன் காதில் பாட்டை மாட்டிவிட்டால் பின்னால் மலை சரிந்தாலும் தெரியாது. மாற்று முட்டி, சர்க்கரை, கண்புரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கியிருப்பான். என்னை யார் என்று கேட்டவரும் அதில் இருப்பார். இனி யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தது.

மெட்டில்தான் சிக்னல். போன் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தது. திட்டு என்று நினைத்துத் திறந்தேன். போட்டோ. இடுப்பில் கூடை கட்டிய ராசாமணி. செடிக்கு அடியில் குந்தியிருக்கும் விஜயா. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'பாண்டி ஏற்பாடு அபாரம். தோட்டத்தில் இறக்கி வேலையே செய்ய வைக்கிறார்கள். சூப்பர்வைசராக நடிப்பவர் மிக இயல்பு.'

நான் பதில் போட்டேன். 'நலம்.' (கைப் பழக்கம்.)

வகுப்புக்காகச் சொல்லி வைத்த இட்லியும் பொங்கலும் அந்த வீட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன் பேச்சியம்மா இறங்கி இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு முருகேசன் ஆள் இறக்கும் தோட்டத்துக்கு வண்டியை விட்டேன்.

சூப்பர்வைசர் குட்டப்பன் கத்திக்கொண்டிருந்தார். "எந்தா சாரே இது? பிஞ்செல்லாம் பறிச்சு வச்சிருக்கு. கண்ணு இல்லையா?"

"இப்பதான் ஆபரேசன் பண்ணினேன், நல்லாத் தெரியுது" என்றார் விஜயா, கீழே உட்கார்ந்தபடியே. ராசாமணி கால்சட்டையைத் தூக்கி அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. இருந்த ரத்தம் அட்டையிடம் இருந்தது.

என் பேச்சையெல்லாம் வழியிலேயே செலவழித்துவிட்டேன். மறுபடி சொல்ல வாய் வரவில்லை. நின்றேன். பேச்சியம்மா என்னைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார்.

"நீங்கதான் இந்தண்ணனோட படிச்சவுகளா?" என்றார். "உங்ககிட்ட சொல்ல வேண்டியதப் பூராம் எங்ககிட்ட சொல்லிட்டாரு. கேட்டுக்கங்க. இவரு ஒரு வருசம்தான் படிச்சாராம். டிராவல்ஸ் கிடையாதாம், ஒரே ஜீப்பாம். உங்க கூட இருக்கலாம்னா இருப்பாராம், வேணாம்னா போயிருவாராம். சொல்லும்போது மூக்க உறிஞ்சினாரு. நாங்க இருக்கச் சொல்லிட்டோம். நீங்க என்ன சொல்றீக?"

மூக்கை நான் உறிஞ்சவில்லை. அது குளிர்.

"அப்ப இது ஏற்பாடு இல்லையா?" என்றார் ஒருவர். போட்டோவில் காணோமே என்று கேட்டவர் இவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"இல்ல. வண்டி மாறிருச்சு" என்றேன்.

"அந்த ஆளு நடிக்கலையா?"

"நடிக்கல. வேல செய்யுறாரு."

குட்டப்பன் கூடையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். முதலில் சிரித்தது விஜயா. தரையிலிருந்து எழ முடியாமல் சிரித்தார். தூக்கிவிட ராசாமணி போனான். அவனும் உட்கார்ந்துவிட்டான். போட்டோவில் காணோமே என்றவர் என்னிடம் வந்தார்.

"மூணு வருசம் ஒண்ணாப் படிச்சவனெல்லாம் சேர்ந்து இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. நீங்க எங்கயும் போயிராதீக பாண்டி" என்றார்.

"சரி" என்றேன்.

இப்போது வருடா வருடம் வருகிறார்கள். எங்கே தங்கினாலும் ஒரு பொழுது அந்தத் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். காயைத் தொட மட்டும் குட்டப்பன் விடுவதில்லை. பேச்சியம்மாவும் குழுவில் இருக்கிறார். எழுத வராது, பேசி அனுப்புவார். மழை, மகள் பிரசவம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் வரும். எல்லோரும் காத்திருந்து கேட்கிறோம்.

வீட்டில்தான் எனக்கு மரியாதை போய்விட்டது. யார் என் ஜீப்பில் ஏறினாலும் மனைவி, "பேரச் சொல்லிட்டு ஏறுங்க, இல்லாட்டி தோட்டத்துல எறக்கிருவாரு" என்பாள். போன தை மாதம் மகன் கல்யாணம். வகுப்பு முழுக்க வந்திருந்தது. பொண்ணு மாப்பிள்ளையை மண்டபத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வர நான்தான் வண்டியை எடுத்தேன். சாவியைத் திருகும்போது பின்னாலிருந்து ஒரு விரல் தோளைத் தட்டியது.

"மாமா, ஒரு தடவ நல்லாத் திரும்பிப் பாத்துக்கங்க. நான்தான் பொண்ணு."

திரும்பிப் பார்த்தேன். அவள்தான். வண்டியை எடுத்தேன்.