கழுத்தில்லாத ஒட்டகம்

எங்கள் சைனிக்புரியில் மரத்திலிருந்து ஒரு குச்சி விழுந்தால், அது தரையைத் தொடுவதற்குள் சுள்ளி சார் அங்கே நிற்பார். குஷாய்குடா பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். ரிட்டயரானவர்கள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். இவருக்கு உட்காரும் இடமெல்லாம் முள். குச்சி, கொட்டை, தென்னம்பாளை, கூழாங்கல் என்று பொறுக்கி வந்து எங்கள் அபார்ட்மென்ட் கேட்டருகே சிலை செய்வார்.

ஒருநாள் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். புத்தி கெட்ட வேலை. நடு ரோட்டில் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நிறுத்தும்வே! அங்க ஒரு மூக்கு கெடக்கு!"

பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் அலறிப்போய் பிரேக் அடித்தார். கிடந்தது ஒரு புளியங்கொம்பு.

அந்த வருஷம் அவர் ஆரம்பித்தது ஒட்டகம். கால், திமில், வால் எல்லாம் வந்தாயிற்று, தலையோடு கூடிய கழுத்துதான் வரவில்லை. எதையும் வெட்ட மாட்டார், வளைக்க மாட்டார்.

"தானா விழணும்வே. வெட்டுனா அது வெறும் கட்டை."

ஆறு மாசம் கழுத்தைத் தேடி அலைந்தார். ராத்திரி தூக்கத்திலும் கழுத்து கழுத்து என்று புலம்புவதாக அவர் மனைவி அழாத குறையாகச் சொன்னார். கடைசியில் அசோசியேஷன் செக்ரட்டரிக்குப் பொறுமை போய்விட்டது.

"தலை இருந்தா பொம்மை, இல்லாட்டி விறகு. போகி வரைக்கும்தான் டைம். அப்புறம் பேச்சே நக்கோ, வேணாம் சார்."

போகியும் வந்தது. விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே தீ மூட்டியாயிற்று. இரண்டு பையன்கள் ஒட்டகத்தின் காலைப் பிடித்து இழுக்க, சுள்ளி சார் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

என் கையிலும் ஒரு கிளை. எப்போதோ காற்றில் ஒடிந்து எங்கள் பால்கனியில் விழுந்த வேப்பங்கிளை, துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். எப்போதும் அதன்மேல் புடவை தொங்கும், அதனால் சுள்ளி சார் கண்ணில் படவே இல்லை. உளுத்துவிட்டதென்று என் மனைவி கொடுத்தனுப்ப, நானும் தீயில் போட்டுவிட்டேன்.

"ஐயோ! அது கழுத்துவே!"

அடுத்த நொடி தீக்குள் கையை விட்டார். "இவுகளுக்குப் பைத்தியம் முத்திப்போச்சு!" என்று அவர் மனைவி தண்ணீரோடு ஓடிவந்தார். கிளையின் நுனி கருகியிருந்தது. பொருத்தியதும் அந்தக் கரியே ஒட்டகத்துக்கு வாய் ஆனது. சவடால் பிடித்த ஒட்டகம், எங்கள் எல்லோரையும் ஏளனமாகப் பார்த்தது.

செக்ரட்டரி இரண்டு தரம் சுற்றி வந்தார்.

"ஹவ், ஆமா, பொம்மைதான். ஆனா வழியில நிக்குதே, எங்க வைக்கறது?"

"என் கார் நிக்கற இடத்துல" என்றேன். எப்படி என் வாயில் வந்ததோ தெரியாது!

சுள்ளி சார் வெந்த கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அசையாமல் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது அவர் மகனோடு புனேயில். என் கார் தெருவில் வெயில் காய்கிறது. அந்த ஒட்டகத்தை நகர்த்தலாமே என்று யாராவது வாயெடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.