நண்டு வாத்தியார் தொலைத்த கால்

கடலில் கால்கூட நனைக்காமல் அதன் அடிமட்டம் வரைக்கும் ஆட்சி செய்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். திண்டுக்கல்லில் எங்கள் காம்பவுண்டில் அடுத்த போர்ஷனில் குடியிருந்த நண்டு வாத்தியார். அடித்துச் சொல்வேன். கன்னிவாடி போகிற டவுன் பஸ்ஸிலேயே குமட்டுகிறது என்று ஜன்னலோரம் கேட்கிற ஆள், கப்பலில் எங்கே ஏறுவது?

அவர் காலேஜில் விலங்கியல் வாத்தியார். வெயிலே எட்டாத ஆழ்கடலின் அடியில், பாறை வெடிப்புகளில் வெந்நீர் பொங்குகிற இடங்கள் உண்டாம். அந்தக் கொதிப்பின் ஓரத்திலும் நண்டு, இறால் வகையறாக்கள் குடும்பம் நடத்துகின்றனவாம். ஆராய்ச்சிக் கப்பலில் போகும் சிநேகிதர்கள் அவற்றைப் பிடித்து, ஸ்பிரிட் புட்டியில் போட்டு இவருக்கு அனுப்புவார்கள். இவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை நட்டு, ஒவ்வொரு காலாகக் கழற்றிப் படம் வரைவார். யாரும் இதுவரை பார்க்காத இனம் என்றால் பெயர் வைப்பார். அப்புறம் உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் செல்லும்.

மனிதர் எதையும் காலை வைத்தே அடையாளம் காண்பவர். ஒருநாள் கடைவீதியில் என்னையே தாண்டிப் போய்விட்டார். பிறகு குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"புதுச் செருப்பா சார்? அதான் கொழம்பிட்டேன்."

வீட்டுக்கார ராசாத்தி அக்காவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஸ்பிரிட் வாடையை மோந்த அக்கா, இவர் பகலிலேயே குடிக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்.

"குடிக்கிறதும் குடிச்சுப்புட்டு, அதுல பூச்சிய வேற ஊறப்போடுறீகளே வாத்தியாரே?"

"அக்கா, இது பூச்சி இல்ல. ஒலகத்துல யாரும் பாக்காத உசுரு."

"யாரும் பாக்காம நல்லாத்தான இருந்துச்சு? நீங்க ஏன் பாத்தீக?"

அப்படியிருக்க, ஒரு புட்டியில் துவரம்பருப்பளவு ஒரு ஆண் வந்து சேர்ந்தது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். புது இனமேதான் என்று வாத்தியார் குதித்தார். ஆனால் அதை நிரூபிக்க, இனத்துக்கு இனம் மாறுகிற ஆணின் கொக்கிக் காலைப் படம் வரைந்து காட்டியாக வேண்டும். ஒரு பக்கத்துக் கொக்கிக் கால் வழியிலேயே முறிந்துபோயிருந்தது. மிச்சமிருந்ததைக் கழற்றி, கண்ணாடித் தட்டில் கிளிசரின் விட்டு வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனார். திரும்பி வந்தால் காலைக் காணோம். மேஜையிலிருந்து வாசல்வரை எறும்பு வரிசை. கிளிசரின் இனிக்கும், பாருங்கள்.

"கொதிக்கிற தண்ணில பொழச்ச உசுரு சார். திண்டுக்கல்லு எறும்புகிட்ட மாட்டிக்கிச்சே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "கால் இல்லேன்னா பேரு வைக்க முடியாது. பேரு இல்லேன்னா அப்படி ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாது." எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

எறும்புப் பொந்து வாசல்படிக்குக் கீழே இருந்தது. எறும்புகள் இனிப்பை நக்கிவிட்டுக் காலைச் சக்கையாக வெளியே தள்ளிவிடும் என்பது வாத்தியார் கணக்கு. அதுவரை வாசல் மண்ணில் தண்ணீர் படக்கூடாது. நேரே அக்காவிடம் போய்க் கும்பிட்டார்.

"அக்கா, நாளைக்கு வாசல் தெளிக்காதீக. பெருக்கவும் வேணாம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். காய்ச்சலோடுகூட எழுந்து வாசல் தெளிக்கிறவர் அக்கா. ஆனால் அக்கா வாத்தியார் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அம்புட்டு முக்கியமா?"

"ஆமாக்கா."

மறுநாள் விடிந்தது. வாசலில் தண்ணீர் இல்லை, கோலம் இல்லை. எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான், வீட்டில் சாவு. பால்காரர் வருவதற்குள் சேதி தெருக்கோடிவரை போய்விட்டது. பூக்கடைக்காரர் ஆளுயர ரோஜா மாலையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தெருமுனையிலிருந்தே ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

"யாருக்கா தவறிட்டாக?"

முக்காலி போட்டுப் பொந்துக்குக் காவல் இருந்த அக்கா நிமிர்ந்தார். "யாரும் சாகல. வாத்தியாரு ஒரு காலத் தொலச்சுப்புட்டாரு. வந்தது வந்தீக, உக்காந்து தேடுங்க!"

துக்கம் கேட்க வந்த தெருவே குத்தவைத்து மண்ணைக் கிளறியது. ஆளாளுக்கு உள்ளங்கையில் எதையாவது ஏந்திக்கொண்டு வந்தார்கள். "இதுவா வாத்தியாரே?" "அது ஈ றெக்கைங்க." "இது?" "சீரகம்." வெயில் உச்சிக்கு ஏறும்போது அக்காவே விரல்நுனியை நீட்டினார்.

"இந்தாங்க, என்னமோ கொக்கி மாதிரி இருக்கு."

லென்ஸை வைத்துப் பார்த்த வாத்தியார், புழுதியிலேயே அக்கா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கொண்டுவந்தது வீணாகக் கூடாதென்று பூக்கடைக்காரர் மாலையை வாத்தியார் கழுத்தில் போட, "அட கூறுகெட்ட மனுசா, எழவு மாலையவா போடுறது!" என்று அக்கா பிடுங்கி எறிந்தார்.

சில மாதங்கள் கழித்து, அந்தப் புது இனத்தைப் பற்றி வாத்தியார் எழுதிய கட்டுரை அச்சாகி வந்தது. நானும் வாத்தியாரும் பிரியாணிக் கடையிலிருந்து திரும்பியபோது தபால் காத்திருந்தது. பிரித்து, அக்காவுக்குத் தமிழில் சொன்னார். அந்த உயிருக்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தார்.

"எம் பேரா?"

"ஆமாக்கா."

"யாராச்சும் அழிச்சுப்புட்டு வேற பேரு வச்சுட்டா?"

"முடியாதுக்கா. நம்மெல்லாம் போனப்புறமும் அது ராசாத்திதான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, குடிவந்த நாளிலிருந்து அவரிடம் ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்.

"சாப்டீகளா வாத்தியாரே?"

சற்று முன்னால்தான் தன் பிரியாணியை முடித்து, என்னுடையதிலும் பாதியைத் தின்றிருந்தார்.

"இல்லக்கா. பசிக்குது," என்றார். அந்த ஒரு பொய்க்காகவே அந்த மனுஷனை எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.